கிம் டே ஜுங்: திரும்பி வரும் நாளைத் தானே குறித்துக்கொண்டவர்

1982 டிசம்பர் 23 அன்று தென்கொரிய ராணுவ ஆட்சி தன் முதன்மைக் கைதியான எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே ஜுங்கை மனைவியோடு அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றி அனுப்பியது. மருத்துவச் சிகிச்சை என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். 1971-இல் லாரி மோதியதில் அடிபட்ட இடுப்பு அவரை அப்போதும் வதைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்ற ஒருவரை இடுப்பு வலிக்காகக் கடல் கடந்து அனுப்பிவைக்கும் இரக்கம் ஜெனரல் சுன் டூ ஹ்வானின் அரசுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. சிறையில் இருக்கும் கிம் டே ஜுங் உலகத்தின் கேள்விகளுக்கு இலக்கானார். தூக்கிலிடப்பட்டால் தியாகி ஆகிவிடுவார். வெளிநாட்டில் ஒரு வாடகை வீட்டில் வயதாகிக்கொண்டிருந்தால் மெல்ல மறக்கப்படுவார். ஆட்சியாளர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

26 மாதங்களுக்குள் அந்தக் கணக்கு பொய்த்தது. ஏன் பொய்த்தது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். வெளியேற்றப்பட்ட தலைவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களின் மன உறுதியைப் பாராட்டிவிட்டு நின்றுவிடுகிறோம். கிம்மிடம் உறுதி இருந்தது. அது மட்டும் இருந்திருந்தால் அவர் விர்ஜீனியாவிலேயே மறைந்திருப்பார். எப்போது, யாரோடு, எந்த வாசல் வழியாகத் திரும்புவது என்ற முடிவை அவர் எவரிடமும் ஒப்படைக்கவில்லை. அந்த இடத்தில்தான் ஆட்சியின் கணக்கு தவறியது என்பது என் வாதம்.

தீவுக்காரர்

1924-இல் கொரியாவின் தென்மேற்குக் கடலில் உள்ள ஹாவிடோ என்ற சிறு தீவில் பிறந்தவர் கிம். ஜியோல்லா மாகாணத்தைச் சேர்ந்த தீவு அது. மோக்போ துறைமுகத்தில் கப்பல் தொழில் செய்தார். 1950-இல் வடகொரியப் படையிடம் சிக்கி, சுட்டுக் கொல்லப்படவிருந்த நிலையில் தப்பினார். தேர்தல்களில் தொடர்ந்து தோற்று, 1961 மே மாதம் ஓர் இடைத்தேர்தலில் ஒருவழியாக வென்றார். அடுத்த சில நாட்களிலேயே, மே 16 அன்று, பார்க் சுங் ஹீ ராணுவப் புரட்சி நடத்தி நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்.

10 ஆண்டுகள் கழித்து அதே பார்க்கை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். 1971 ஏப்ரல் 27 அன்று நடந்த அந்தத் தேர்தலில் அரசு இயந்திரம் முழுவதும் எதிரணியில் இருந்தும் அவருக்கு 45 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் கிடைத்தன. பார்க் இம்முறை வென்றால் இனித் தேர்தலே இருக்காது என்று அவர் பிரசார மேடைகளில் எச்சரித்தார். மறு ஆண்டு அக்டோபர் 17 அன்று அது பலித்தது. பார்க் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். யுஷின் அரசியல் சட்டம் வந்தது. நேரடி அதிபர் தேர்தல் போயிற்று. பதவிக்கால வரம்பும் போயிற்று.

லாரி மோதியது 1971 தேர்தலுக்குப் பிறகு. நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரத்துக்குச் சென்ற வழியில் அவருடைய கார்மீது அது மோதியது. உயிர் தப்பியவர் வாழ்நாள் முழுவதும் காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். அந்தக் காலுக்குச் சிகிச்சை பெற ஜப்பானில் இருந்தபோதுதான் ராணுவச் சட்டச் செய்தி அவரை எட்டியது. ஊருக்குத் திரும்பினால் சிறை. அங்கேயே தங்கி எதிர்த்தார். அவருடைய முதல் வெளிநாட்டு வாசம் இப்படித் தொடங்கியது.

அறை எண் 2212

டோக்கியோவுக்கும் அமெரிக்காவுக்கும் மாறி மாறிப் பயணம் செய்து, வெளிநாடுவாழ் கொரியர்களைத் திரட்டினார். 1973 ஜூலையில் அமெரிக்காவில் ஹன்மின்தொங் என்ற ஜனநாயக அமைப்பை உருவாக்கினார். ஜப்பானில் அதன் கிளையைத் தொடங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 8 அன்று டோக்கியோவின் கிராண்ட் பேலஸ் ஹோட்டலில் 2212-ஆம் அறையில் தங்கியிருந்த கொரிய எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரைச் சந்தித்துவிட்டு வெளியே வந்தார். நடைவழியில் காத்திருந்தவர்கள் அவரைப் பக்கத்து அறைக்குள் தள்ளி மயக்க மருந்து கொடுத்தார்கள். கீழே கொண்டுபோய் காரில் ஏற்றி, மேற்கு ஜப்பானின் கடற்கரைக்குக் கடத்திச் சென்றார்கள். அங்கே ஒரு கப்பல் காத்திருந்தது. கண்ணும் வாயும் கட்டப்பட்டன. கைகால்கள் பிணைக்கப்பட்டன, உடலில் கனமான பொருள்கள் கட்டப்பட்டன. கடலில் எறியப் போகிறார்கள் என்பது புரிந்ததும் பிரார்த்தனை செய்ததாகவும், இயேசு தன் முன் தோன்றியதாகவும், அந்தக் கணத்திலேயே வானில் விமானம் ஒன்று தாழ வந்ததாகவும் அவர் பிற்காலத்தில் நோபல் உரையில் சொன்னார். அவர் கத்தோலிக்கர், அந்த அனுபவத்தை அவர் ஒருபோதும் உருவகமாகப் பேசியதில்லை.

கப்பலுக்கு வெளியே நடந்தவை பதிவில் உள்ளன. ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் ஜெரோம் கோஹன் செய்தி அறிந்து அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கரைத் தொடர்புகொண்டார். சியோலில் அமெரிக்கத் தூதர் பிலிப் ஹபீப், கிம் கொல்லப்பட்டால் விளைவுகள் கடுமையாக இருக்கும் என்று பார்க் அரசிடம் நேரடியாக எச்சரித்தார். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 13 இரவில், கடத்தியவர்கள் கிம்மைச் சியோலில் அவருடைய வீட்டருகே இறக்கிவிட்டுப் போனார்கள். கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்துபோய்த் தன் வீட்டு அழைப்பு மணியை அடித்தார்.

ஹோட்டல் அறையில் ஜப்பானியக் காவல்துறைக்குக் கைரேகை கிடைத்தது. டோக்கியோவிலிருந்த கொரியத் தூதரகத்தின் முதல் செயலர் ஒருவருடைய கைரேகை அது. ஒரு நாட்டின் தலைநகரில், பட்டப்பகலில், இன்னொரு நாட்டின் உளவுத்துறை ஆளைத் தூக்கியிருக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறது. ஜப்பான் என்ன செய்தது? நவம்பரில் கொரியப் பிரதமர் கிம் ஜோங் பில் டோக்கியோவுக்கு வந்து வருத்தம் தெரிவித்தார். இரு அரசுகளும் அரசியல் தீர்வு என்று சொல்லி விவகாரத்தை மூடின. கடத்தப்பட்டவரைத் திரும்ப ஜப்பானுக்கு அனுப்பும்படி டோக்கியோ வற்புறுத்தவில்லை. அவர் சியோலில் வீட்டுச் சிறையில் கிடந்தார்.

இந்த இடத்தைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அடைக்கலம் தரும் நாடு தன் மண்ணில் இருப்பவரைக் காக்கும் என்று நம்பித்தான் துரத்தப்பட்டவர்கள் எல்லைகளைக் கடக்கிறார்கள். வர்த்தகமும் ராணுவக் கூட்டணியும் தராசின் மறுதட்டில் ஏறும்போது அந்தக் காவல் எவ்வளவு எளிதாகக் கரைகிறது என்பதற்கு 1973 டோக்கியோவைவிடத் தெளிவான சாட்சி அரிது. இந்தப் பாடத்தைக் கிம் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். 1985-இல் அவர் செய்த ஒவ்வோர் ஏற்பாட்டிலும் அது தெரிகிறது.

தூக்குக் கயிறாக மாறிய அமைப்பு

1976 மார்ச் 1 அன்று சியோல் மியோங்டோங் தேவாலயத்தில் வாசிக்கப்பட்ட ஜனநாயகப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதற்காக மீண்டும் சிறைக்குப் போனார். 1979 அக்டோபர் 26 அன்று பார்க்கை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். சில மாதங்கள் மூச்சுவிட முடிந்தது. 1980 மே 17 இரவு, சுன் டூ ஹ்வான் ராணுவச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிவாக்கினார். அன்றிரவே கிம் கைதானார். மறுநாள் குவாங்ஜு நகரம் எழுந்தது. ராணுவம் அந்த எழுச்சியை ரத்தத்தில் மூழ்கடித்தது.

ராணுவ நீதிமன்றத்தில் குவாங்ஜு எழுச்சியின் சூத்திரதாரி என்று அவர்மீது குற்றம் சாட்டினார்கள். எழுச்சி வெடித்தபோது அவர் காவலில் இருந்தார். நீதிமன்றத்துக்கு அது உறுத்தவில்லை. ஆனால் மரண தண்டனைக்குச் சட்டத்தில் வலுவான ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. அதற்கு 1973-க்குப் போனார்கள். ஜப்பானில் இயங்கிய ஹன்மின்தொங் நாட்டுக்கு எதிரான அமைப்பு, அதன் தலைவர் கிம், ஆகவே தேசப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரண தண்டனை. எந்தக் கிளையைத் தொடங்கவிடாமல் அவரைக் கடத்தினார்களோ அந்தக் கிளையின் தலைவர் என்பதற்காக 1980 செப்டம்பர் 17 அன்று அவருக்குத் தூக்கு விதித்தார்கள். வெளிநாட்டில் பேசிய பேச்சு வெளிநாட்டோடு முடிந்துவிடும் என்று எண்ணும் எவரும் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

பதவி விலகவிருந்த கார்ட்டர் அரசும், பதவியேற்கவிருந்த ரீகனின் ஆலோசகர்களும் அவர் உயிருக்காகப் பேசினார்கள். போப் இரண்டாம் ஜான் பால் கருணை கோரிக் கடிதம் எழுதினார். 1981 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. அன்றே அது ஆயுள் தண்டனையாகவும், 1982-இல் 20 ஆண்டுச் சிறையாகவும் குறைக்கப்பட்டது. பிப்ரவரித் தொடக்கத்தில் சுன் டூ ஹ்வான் வெள்ளை மாளிகையில் ரீகனோடு கைகுலுக்கினார். ஓர் உயிருக்கு விலையாக ஒரு சர்வாதிகாரிக்கு அங்கீகாரம் தரப்பட்டது என்று இதைச் சொல்வதில் தவறில்லை. அந்த உயிர் காப்பாற்றப்பட வேண்டியதுதான். குவாங்ஜுவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தக் கைகுலுக்கல் எப்படி இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சோங்ஜு சிறையில் மாதம் ஒரு கடிதம் எழுத அனுமதி. ஒரே ஓர் அஞ்சல் தாள். அந்தத் தாளில் ஓரத்தைக்கூட விடாமல், எறும்பு வரிசைபோல எழுத்துகளை நெருக்கி, மனைவி லீ ஹீ ஹோவுக்கும் பிள்ளைகளுக்கும் எழுதினார். இறையியலிலிருந்து பொருளாதாரம், வரலாறுவரை அவற்றில் வருகின்றன. அடுத்து எந்தெந்தப் புத்தகங்களை அனுப்ப வேண்டும் என்ற பட்டியலும் வருகிறது. கேட்ட புத்தகங்களைத் தேடி அனுப்பியவர் லீ ஹீ ஹோ. மாதர் இயக்கத்தில் தனக்கென்று பெயர் பெற்றவர் அவர். இந்த வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவரை ஓரத்தில் நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கணவர் கடத்தப்பட்டபோதும் சிறையில் இருந்தபோதும் தூக்குக்குக் காத்திருந்தபோதும் வெளி உலகத்தோடு அவருக்கு இருந்த ஒரே இணைப்பு இந்தப் பெண்தான்.

விர்ஜீனியா

அமெரிக்கா போக அனுமதி வாங்க, அரசியலில் ஈடுபட மாட்டேன் என்று கிம் எழுதிக் கொடுத்தார். அவருடைய எதிரிகள் இதைக் கடைசிவரை சொல்லிக்காட்டினார்கள். துப்பாக்கி முனையில் வாங்கிய வாக்குறுதி யாரையும் கட்டுப்படுத்தாது என்பது என் நிலை. ஆனாலும் அந்தக் கடிதத்தால் அவருடைய நம்பகத்தன்மைக்குச் சேதம் ஏற்பட்டது உண்மை. ஆட்சியாளர்கள் விரும்பியதும் அதுதான்.

வாஷிங்டனை ஒட்டிய அலெக்ஸாண்ட்ரியாவில் குடியேறினார். 1983-இல் கொரிய மனித உரிமைகளுக்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஹார்வர்டின் சர்வதேச விவகார மையத்தில் ஓராண்டு ஆய்வாளராக இருந்தார். தேவாலயங்கள், பல்கலைக்கழகங்கள், செனட்டர்களின் அலுவலகங்கள் என்று சலிக்காமல் போய்ப் பேசினார். கொரியாவில் செய்தித்தாள்கள் அவர் பெயரை அச்சிடக்கூடத் தயங்கிய காலம் அது.

இப்படிப்பட்ட வாழ்க்கையின் ஆபத்து சொகுசில் ஒளிந்திருக்கிறது. கூட்டங்களில் கைதட்டுகிறார்கள், விருது தருகிறார்கள், பேட்டி எடுக்கிறார்கள். உள்ளூரிலோ புதிய தலைமுறை வளர்கிறது. அதற்குப் புதிய தலைவர்கள் உருவாகிறார்கள். சியோலில் கிம் யங் சாம் 1983-இல் பல நாள் உண்ணாவிரதம் இருந்து எதிர்க்கட்சி அரசியலைத் தட்டி எழுப்பினார். 1984-இல் இருவருடைய ஆதரவாளர்களும் சேர்ந்து ஒரு ஜனநாயக அமைப்பை உருவாக்கினார்கள். களம் சூடேறுவதை விர்ஜீனியாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இன்னும் ஓராண்டு தாமதித்தால் தனக்கு அங்கே இடமிருக்காது என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

மணிலாவின் படிக்கட்டு

பிலிப்பைன்ஸின் பெனிக்னோ அக்கினோவும் இதே பாதையில் வந்தவர். அதிபர் மார்கோஸின் சிறையில் இருந்து, மரண தண்டனை பெற்று, 1980-இல் இதய அறுவை சிகிச்சைக்கென அமெரிக்கா அனுப்பப்பட்டவர். கிம்முக்கு முன்பே ஹார்வர்டின் அதே மையத்தில் ஆய்வாளராக இருந்தவர். 1983 ஆகஸ்ட் 21 அன்று அவர் மணிலாவுக்குத் திரும்பினார். உடன் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். உடையின் உள்ளே குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். சீருடைக்காரர்கள் விமானத்துக்குள் வந்து அவரை அழைத்துக்கொண்டு, பயணிகள் வழியில் போகாமல், பக்கவாட்டுக் கதவு வழியே ஓடுதளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் நடத்தினார்கள். பின்னால் வர முயன்ற நிருபர்களைக் கதவருகே தடுத்துவிட்டார்கள். சில நொடிகளில் வெடிச்சத்தம் கேட்டது. தலையில் சுடப்பட்டு அக்கினோ ஓடுதளத்தில் கிடந்தார்.

சாட்சிகள் விமானத்தில் இருந்தார்கள், படிக்கட்டில் இல்லை. கொலை நடந்தது அந்த இடைவெளியில்.

கிம்போ, 1985 பிப்ரவரி 8

கிம் திரும்பப் போகிறார் என்றதும் சியோல் அரசு, வந்தால் மிச்சமிருக்கும் தண்டனையைச் சிறையில் கழிக்க நேரிடும் என்று எச்சரித்தது. பிப்ரவரி 12 அன்று கொரிய நாடாளுமன்றத் தேர்தல். அது முடியட்டும், பிறகு வரலாமே என்று வாஷிங்டனிலும் பலர் நினைத்தார்கள். அவர் நான்கு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார்.

தனியாக வரவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அதே விமானத்தில் வந்தார்கள். எட்வர்ட் ஃபீகன், தாமஸ் ஃபோலியெட்டா என்ற இரு காங்கிரஸ் உறுப்பினர்கள், கார்ட்டர் காலத்தில் மனித உரிமைத் துறைக்குப் பொறுப்பாக இருந்த பட்ரீஷியா டெரியன், முன்னாள் தூதர் ராபர்ட் வைட், கொரிய வரலாற்றாசிரியர் ப்ரூஸ் கமிங்ஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். மணிலாவில் நிருபர்கள் கதவருகே தடுக்கப்பட்டதை மனத்தில் வைத்து, இவர்கள் கிம்மோடு கை கோத்தபடியே விமானத்திலிருந்து இறங்கி நடப்பது என்று தீர்மானித்திருந்தார்கள்.

கிம்போ விமான நிலையத்தில் சாதாரண உடையிலிருந்த பாதுகாப்பு ஆட்கள் கை கோத்த அந்த வரிசையின்மீது பாய்ந்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் என்றும் பார்க்கவில்லை. தள்ளினார்கள், சிலரைக் கீழே வீழ்த்தினார்கள். கிம்மையும் லீ ஹீ ஹோவையும் பிய்த்து இழுத்துப்போய், மின்தூக்கிக்குள் தள்ளி, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அவரை வரவேற்க விமான நிலையச் சாலைகளில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. அந்தக் கூட்டத்தால் அவரைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அவர் சுடப்படவில்லை. சிறைக்கும் அனுப்பப்படவில்லை. கைகலப்பின் படங்கள் மறுநாள் உலகமெங்கும் வெளியாயின. அமெரிக்க அரசு கண்டனம் தெரிவித்தது.

தேர்தலில் கிம்மும் கிம் யங் சாமும் போட்டியிடத் தடை இருந்தது. இருவருடைய ஆட்களும் ஜனவரியில்தான் புதிய கொரிய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியிருந்தார்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்தக் கட்சி 276 இடங்களில் 67 வென்று முதன்மை எதிர்க்கட்சி ஆனது. சியோலிலும் மற்ற பெருநகரங்களிலும் அது ஆளுங்கட்சியைத் திணறடித்தது. இதற்குக் கிம்மின் வருகைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாணவர்களும் தொழிலாளர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பலன் அது. ஆனால் வீட்டுக்குள் அடைபட்ட ஒருவர் அந்த நான்கு நாட்கள் நகரத்தின் பேச்சாக இருந்தார். ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால், முடிந்துபோன தேர்தலின் மறுநாள் வந்த விருந்தாளியாக இருந்திருப்பார்.

1987-இன் தவறு

அடுத்த இரண்டரை ஆண்டுகளில் ஐம்பது முறைக்கு மேல் அவர் வீட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். 1987 ஜனவரியில் மாணவர் பார்க் ஜோங் சோல் காவல்துறைச் சித்திரவதையில் இறந்தார். ஜூன் மாதம் நாடு தெருவில் இறங்கியது. ஜூன் 29 அன்று ஆளுங்கட்சியின் ரோ டே வூ நேரடி அதிபர் தேர்தலுக்கும், கிம்முக்குக் குடிமை உரிமைகளைத் திருப்பித் தரவும் இணங்கினார்.

வென்ற பிறகு நடந்தது வேதனையானது. இரு கிம்களும் விட்டுக்கொடுக்கவில்லை. டிசம்பர் தேர்தலில் ரோ டே வூ 36.6 சதவீதமும், கிம் யங் சாம் 28 சதவீதமும், கிம் டே ஜுங் 27 சதவீதமும் பெற்றார்கள். குவாங்ஜுவுக்குப் படையை அனுப்பிய கூட்டத்தில் ஒருவர், மக்கள் போராடிப் பெற்ற முதல் தேர்தலிலேயே அதிபரானார். இதில் கிம் டே ஜுங்கின் பங்கை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. கடத்தல், தூக்கு, வெளியேற்றம் எல்லாவற்றையும் தாங்கியவருக்கு, இந்தப் பதவிக்கு விலை கொடுத்தவன் நான்தான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது என்றே நினைக்கிறேன். நீண்ட காலம் தனித்து நின்றவர்களுக்கு இந்த நோய் எளிதில் பற்றுகிறது; அதன் விலையை நாடு கொடுத்தது.

1992-இல் மீண்டும் தோற்று அரசியலைவிட்டே விலகி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். 1995-இல் அரசியலுக்குத் திரும்பிப் புதுக் கட்சி தொடங்கினார். 1997 டிசம்பரில், நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தபோது, 40.3 சதவீத வாக்குகளோடு வென்றார். எதிராளிக்கு 38.7. அவருக்குத் தோள் கொடுத்த கூட்டாளி கிம் ஜோங் பில். கொரிய உளவுத்துறையை நிறுவியவர். 1973-இல் டோக்கியோவுக்குப் போய் வருத்தம் தெரிவித்து விவகாரத்தை மூடிய அதே பிரதமர். அவரையே கிம் தன் பிரதமராகவும் ஆக்கிக்கொண்டார்.

பழிவாங்காதவரின் கணக்கு

பதவி ஏற்பதற்கு முன்பே, சிறையிலிருந்த சுன் டூ ஹ்வானையும் ரோ டே வூவையும் மன்னித்து விடுவிக்கச் சம்மதித்தார். அவர் ஆட்சியில் ஒரு தூக்குத் தண்டனைகூட நிறைவேற்றப்படவில்லை. 2000 ஜூனில் பியோங்யாங் போய் வடகொரியத் தலைவரைச் சந்தித்தார். அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சந்திப்புக்கு முன் ஹூண்டாய் வழியாக வடக்குக்கு ரகசியமாகப் பணம் போனது பின்னாளில் விசாரணையில் வெளிவந்தது. 2002-இல் அவருடைய இரு மகன்கள் ஊழல் வழக்கில் சிறை சென்றார்கள். இவற்றை விட்டுவிட்டு எழுதினால் அது துதிபாடலாகிவிடும்.

மன்னிப்பைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. தன்னைத் தூக்குக்கு அனுப்பியவரை மன்னிக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. குவாங்ஜுவில் இறந்தவர்களின் சார்பில் மன்னிக்கும் உரிமையை அவருக்கு யார் தந்தது? சுன் டூ ஹ்வான் 2021-இல் இறக்கும்வரை அந்த நகரத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

சட்டம் தாமதமாக வந்தது. 2004-இல் சியோல் நீதிமன்றம் 1980-ஆம் ஆண்டின் தேசத்துரோக வழக்கில் கிம்மைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. 2007 அக்டோபரில் கொரிய உளவுத்துறையின் உண்மை அறியும் குழு, 1973 கடத்தலைச் செய்தது தங்கள் நிறுவனமே என்றும், உத்தரவிட்டவர் அன்றைய தலைவர் லீ ஹூ ராக் என்றும், பார்க்கின் மறைமுக ஒப்புதலாவது இருந்தது என்றும் ஒப்புக்கொண்டது. சம்பவம் நடந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2009 ஆகஸ்ட் 18 அன்று கிம் டே ஜுங் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் லீ ஹூ ராக்கும் இறந்தார். கிராண்ட் பேலஸ் ஹோட்டலில் கைரேகையை விட்டுச்சென்ற தூதரக அதிகாரி உட்பட, அந்தக் கடத்தலுக்காக ஜப்பானிலோ கொரியாவிலோ ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.